ஐம்பதாண்டுக் காற்று

பிறந்த ஊரில் இருந்தவரை காற்றைப் பற்றி நமக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியிருந்ததில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை இல்லை. கீற்றுக் கூரைக்கு எந்தப் பக்கத்தில் கூடுதலாக ஒரு கட்டுப் போட வேண்டும், வாழைக்கு எப்போது முட்டுக் கொடுக்க வேண்டும், எந்தத் திங்களில் கடலில் இறங்கலாகாது என்பனவெல்லாம் பாட்டனும் பாட்டியும் சொல்லக் கேட்டவை. பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்த நாம் பாத்திரம் பண்டங்களைக் கொண்டுவந்தோம், தெய்வப் படங்களைக் கொண்டுவந்தோம், மொழியையும் கொண்டுவந்தோம். புதிய ஊரின் காற்றை அறிந்த பாட்டன் ஒருவரை மட்டும் நம்மால் கொண்டுவர இயலவில்லை.

ஒரு வீட்டிற்குக் குடிபோகுமுன் தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் அருகில் உண்டா, ரயில் நிலையம் எவ்வளவு தொலைவு என்றெல்லாம் கேட்கிறோம். இவ்வூரில் காற்று மிஞ்சிப் போனால் எவ்வளவு வேகமாக வீசும் என்று கேட்பவர் அரியர். கேட்டால் விடை உண்டு. அதுவும் ஓர் எண்ணாகவே உண்டு. அவ்வெண் எவ்வாறு பிறந்தது, அதனை எந்த அளவிற்கு நம்பலாம், அதனால் நம் இல்லங்களுக்கு ஆவது யாது என்பனவற்றை இத்திங்கள் இப்பகுதியில் எடுத்துரைக்க எண்ணுகிறோம்.

மூன்று எண்கள்

2024ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மாலை, மும்பையில் புழுதிக் காற்றும் மழையும் திடீரென எழுந்தன. காட்கோபர் பகுதியில், சேடா நகரை ஒட்டி, ஒரு பெட்ரோல் நிலையத்தின் அருகே நின்ற மாபெரும் விளம்பரப் பலகை அடியோடு சாய்ந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும், வண்டிக்கு எண்ணெய் நிரப்ப வந்தவர்களும் அதன் அடியில் அகப்பட்டனர். 17 பேர் மாண்டனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சேடா நகர் நம்மவர்க்குப் புதிய பெயரன்று. மும்பைத் தமிழர் பலரும் வழிபடச் செல்லும் திருச்செம்பூர் முருகன் கோயில் அங்குதான் உள்ளது.

அப்பலகையின் அளவு 120 அடிக்கு 140 அடி. மாநகராட்சி விதி இசைந்த உச்ச அளவோ 40 அடிக்கு 40 அடி. பின்னர் நிகழ்ந்த ஆய்வில் தொழில்நுட்ப வல்லுநர்கள் கண்டவை என்று செய்தித்தாள்களில் மூன்று எண்கள் வெளிவந்தன. அப்பலகை தாங்கக்கூடிய காற்றின் வேகம் மணிக்கு 49 கிலோமீட்டர். அன்று மாலை வீசிய காற்று 87 கிலோமீட்டர். மும்பையில் நிறுத்தப்படும் அத்தகைய அமைப்பு தாங்கியிருக்க வேண்டிய வேகம் 158 கிலோமீட்டர்.

இம்மூன்று எண்களையும் சற்று ஊன்றிப் பார்த்தல் நலம். அன்று வீசிய 87 கிலோமீட்டர்க் காற்று மும்பைக்கு அரிய காற்றன்று. 2020 ஆகஸ்டு 5ஆம் நாள் பருவமழையின்போதும், 2021 மே 17ஆம் நாள் டவ்தே புயல் கரையோரமாகக் கடந்தபோதும், தென்மும்பையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீச்சுப் பதிவாயிற்று. அங்ஙனமாயின் 49 கிலோமீட்டர்க் காற்றைத் தாங்கும் பலகை என்றேனும் ஒருநாள் வீழ்ந்தே தீரும் என்பது அதை நிறுத்திய நாளிலேயே உறுதியாகிவிட்டது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் இரு மடங்காவதன்று, நான்கு மடங்காகும். வேகத்தை வேகத்தால் பெருக்கிய அளவில் அழுத்தம் வளரும் என்பது இயற்கை விதி. 49 கிலோமீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 11 கிலோ எடையாக அழுத்தும் காற்று, 87 கிலோமீட்டரில் 36 கிலோவாக அழுத்தும். 158 கிலோமீட்டரிலோ 118 கிலோ. காட்கோபர்ப் பலகையின் பரப்பு 1,500 சதுர மீட்டருக்கும் மேல். ஆகவே அன்று மாலை அதன்மேல் காற்று வைத்த சுமை, வடிவத்திற்கென்று கூட்ட வேண்டியதைக் கூட்டாமலே, 55 டன் அளவினது. வேகத்தில் சிறிது குறைத்துக் கொண்டால் என்ன என்று கருதுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, 158 என்னும் எண் எங்கிருந்து வந்தது? அவ்வளவு கடிய காற்றை மும்பை வாழ் தமிழருள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் கண்டிலர். காணாத ஒன்றைக் கணக்கால் குறிப்பது எப்படி?

காற்றை எழுதும் கருவி

முதற்கண் அளவீடு வேண்டும். இந்நாட்டில் அதற்கு நெடிய மரபு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகம் 1792ஆம் ஆண்டிலும், மும்பைக் கொலாபா வானாய்வகம் 1826ஆம் ஆண்டிலும் எழுந்தவை. 1864 அக்டோபரில் கொல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று அழித்தது. அதன்பின் மழை பொய்த்துப் பஞ்சங்களும் தொடர்ந்தன. ஆங்காங்கே தனித்தனியே எழுதப்பட்ட குறிப்புகளை ஓரிடத்தில் சேர்த்து ஆராயும் துறை ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது.

காற்றின் வேகத்தை அளக்க, அயர்லாந்து நாட்டு ராபின்சன் என்பார் 1846இல் அமைத்த சுழல் கிண்ணக் கருவியைப் பலரும் பார்த்திருப்பர். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் கம்பத்தின் உச்சியில் கிண்ணங்கள் சுழன்றுகொண்டிருக்கும். ஆயின் கணநேரத்தில் எழுந்து அடங்கும் வீச்சைப் பிடிக்க அன்றைய கிண்ணக் கருவி போதவில்லை. 1879 டிசம்பர் 28ஆம் நாள் இரவு, ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் கடுங்காற்றில் சரிந்து, அதன்மேற் சென்ற ரயிலும் நீரில் மூழ்கியது. பாலத்தை வகுத்தோர் காற்றின் அழுத்தத்தைத் தக்கவாறு கணக்கில் எடுக்கவில்லை என்பது விசாரணையில் வெளியாயிற்று. அதன்பின் காற்றழுத்த ஆராய்ச்சி தீவிரமாயிற்று. அவ்வாராய்ச்சியின் விளைவாக டைன்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஒரு புதிய கருவியை அமைத்தார். காற்றை எதிர்நோக்கித் திரும்பும் குழாயின் வாயில் காற்று அழுத்த, அவ்வழுத்தம் கீழே நீரில் மிதக்கும் ஒரு மிதவையை உயர்த்த, அதனோடு இணைந்த எழுதுகோல் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் கோடு வரையும். நாடித் துடிப்பைத் தாளில் வரைவது போல, காற்றின் ஒவ்வொரு வீச்சும் அத்தாளில் எழுதப்பெறும். இந்திய வானிலை நிலையங்கள் பலவற்றில் இக்கருவி நெடுங்காலம் பணியாற்றியது. இன்று கடற்கரையோரங்களில் மின்னணுக் கருவிகள் அப்பணியைச் செய்கின்றன.

இராமேசுவரம் சென்றவர்கள் பாம்பன் பழைய ரயில் பாலத்தை அறிவர். அங்கே ஒரு காற்றுவேகமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் கைகாட்டி தானே சிவப்பாகி, ரயில் நின்றுவிடும். சிறந்த ஏற்பாடு. ஆனால் ரயிலை நிறுத்தலாம். வீட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? காற்று அடிக்கும்போது வீடு அங்கேயேதான் நின்றாக வேண்டும். ஆகவே வீட்டிற்கும் கோபுரத்திற்கும் விளம்பரப் பலகைக்கும் இன்று வீசும் காற்றை அறிந்தால் மட்டும் போதாது. இனி வீசக்கூடிய காற்றைக் கட்டுமுன்பே அறிதல் வேண்டும்.

ஆண்டுக்கு ஓர் எண்

இனி அளந்த எண்களை என்ன செய்வது? சராசரி காணலாமா? சராசரி ஆழம் முழங்கால் அளவே என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் நடுவில் மூழ்கிப்போவான். ஆண்டு முழுவதும் வீசிய தென்றலையும் வாடையையும் கூட்டிச் சராசரி கண்டால், பொழுதுபோக்கிற்குப் பட்டம் விடுவார்க்குப் பயன்படும். கூரை வேய்வார்க்குப் பயன்படாது. கூரையைப் பெயர்ப்பது சராசரிக் காற்றன்று. ஆண்டில் ஒருமுறை சில வினாடிகள் வீசும் உச்சக் காற்றே.

ஆகவே அறிஞர் வேறு வழி கண்டனர். ஓராண்டில் பதிவான எல்லாவற்றையும் விடுத்து, அவ்வாண்டின் மிகப் பெரிய வீச்சு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வர். அடுத்த ஆண்டிற்கும் அவ்வாறே. முப்பது ஆண்டுகளின் ஏடுகளிலிருந்து முப்பதே முப்பது எண்கள் கிடைக்கும். இந்த உச்சங்கள் தாமே ஒரு தனிக் குடும்பம். அக்குடும்பத்திற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை அறிந்தால் முப்பதாண்டு ஏட்டைக் கொண்டு ஐம்பதாண்டு, நூறாண்டுக் காற்றையும் மதிப்பிடலாம்.

இவ்வொழுங்கைத் தேடிய கதையும் சுவையானது. டிப்பெட் என்னும் ஆங்கிலேயர் பருத்தித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர். நூலின் வலிமை அதன் சராசரி இழையில் இல்லை. மிக நலிந்த இடத்திலேயே நூல் அறும். ஆகவே கடைக்கோடியில் நிற்பனவற்றின் இயல்பை அவர் ஆராய வேண்டியதாயிற்று. அவரும் புள்ளியியல் அறிஞர் பிஷரும் சேர்ந்து 1928இல் வெளியிட்ட கட்டுரை, உச்சங்களும் நீசங்களும் மூன்றே வகை ஒழுங்குகளுள் ஒன்றில் அடங்கும் என்று நிறுவியது. நலிந்த நூலுக்குக் கண்ட கணக்கே வலிய காற்றுக்கும் பொருந்திற்று.

அக்கணக்கைப் பொறியாளர் கையாளத்தக்க கருவியாக வடித்தவர் எமில் யூலியஸ் கும்பெல். 1891இல் செருமனியின் மூனிக் நகரில் பிறந்த கணித வல்லார். தம் நாட்டில் நிகழ்ந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணி, கொலைஞர் எக்கட்சியினர், நீதிமன்றம் அவர்க்கு என்ன தண்டனை அளித்தது என்று கணக்கிட்டு 1922இல் நூலாக வெளியிட்ட துணிவுடையவர். அதற்குரிய விலையையும் கொடுத்தார். 1932இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவருடைய ஆசிரிய உரிமையைப் பறித்தது. 1933இல் நாஜி அரசு குடியுரிமையையே பறித்தது. பிரான்சு நாட்டிற்குப் போனார். அங்கும் போர் வரவே 1940இல் அமெரிக்கா சேர்ந்தார். இவ்வாறு ஊர்விட்டு ஊர் அலைந்த ஆண்டுகளில்தான் ஆற்று வெள்ளங்களின் உச்சங்களை ஆராய்ந்து தம் முறையை உருவாக்கினார். உச்சங்களின் புள்ளியியல் பற்றிய அவருடைய பெருநூல் 1958இல் வெளிவந்தது. 1966இல் நியூயார்க்கில் காலமானார். இன்று உலகெங்கும் காற்றையும் வெள்ளத்தையும் மதிப்பிடுவோர் அவர் பெயரால் வழங்கும் முறையைப் பயில்கின்றனர்.

கணக்கு நடக்கும் விதம்

இம்முறையை விளக்க, கற்பனையாக ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே முப்பதாண்டு ஏடு உள்ளது. ஆண்டு உச்சங்களின் சராசரி மணிக்கு 90 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஆண்டு அவ்வுச்சம் ஏறியிறங்கும் அளவு, புள்ளியியலார் திட்ட விலக்கம் என்பது, 20 கிலோமீட்டர். கும்பெல் முறை கூறுவது இது: பத்தாண்டுக் காற்று வேண்டுமானால் சராசரியோடு திட்ட விலக்கத்தின் 1.30 மடங்கைக் கூட்டுக. ஐம்பதாண்டுக் காற்றுக்கு 2.59 மடங்கு, நூறாண்டுக் காற்றுக்கு 3.14 மடங்கு. அதன்படி பத்தாண்டுக் காற்று 116 கிலோமீட்டர். ஐம்பதாண்டுக் காற்று 142. நூறாண்டுக் காற்று 153.

இங்கே ஓர் உண்மை புலப்படும். ஐம்பதை நூறாக இரட்டித்தபோது கூடியது 11 கிலோமீட்டரே. இருநூறாக்கினாலும் மீண்டும் ஏறத்தாழ அதே 11தான் கூடும். ஆகவே சிறிது கூடுதல் செலவு செய்தால் நெடுங்காலப் பாதுகாப்புக் கிடைக்கிறது. ஒரு கம்பிக்குப் பதில் ஒன்றரைக் கம்பி இடுவதற்கும், வீடே போவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மற்றொன்றும் கூற வேண்டும். முப்பதாண்டு ஏட்டிலிருந்து பெற்ற 142 என்பது கல்வெட்டன்று. உண்மை எண் அதற்கு மேலோ கீழோ 12 கிலோமீட்டர் விலகியிருத்தல் மிக இயல்பு. அவ்விலகலைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாயின் ஏடு நான்கு மடங்கு நீளமாக, அதாவது 120 ஆண்டுகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தாளை மாற்றி, மையிட்டு, தேதி குறித்துவைத்த பெயர் தெரியாத ஊழியர்களின் உழைப்பு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை இதனால் உணரலாம். இடையில் பத்தாண்டு ஏடு தொலைந்தால் அதை எப்பணத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அந்தக் காற்று போனது போனதே.

ஐம்பதாண்டு என்பதன் பொருள்

ஐம்பதாண்டுக் காற்று என்னும் தொடரைக் கேட்டவுடன், அது ஐம்பது ஆண்டிற்கு ஒருமுறை முறைவைத்து வரும் என்று நினைப்பது இயல்பு. சென்ற ஆண்டுதான் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வாராது என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. இரண்டும் தவறு. எந்த ஓராண்டிலும் அவ்வேகத்தைத் தாண்டும் காற்று வருவதற்கு நூற்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். கும்பமேளாவைப் போல முறைவைத்து வருவதன்று. ஆண்டுதோறும் ஐம்பது சீட்டுப் போட்டு ஒன்றை எடுப்பது போன்றது. எடுத்த சீட்டு மீண்டும் பானைக்குள்ளேயே போடப்படுகிறது.

இதை ஒரு குடும்பத்தின் வாழ்நாளோடு பொருத்திப் பார்ப்போம். வேலை கிடைத்து ஒருவர் இந்நகருக்கு வந்து, பத்தாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தால், அக்காலத்தில் ஐம்பதாண்டுக் காற்றைச் சந்திக்க நூற்றுக்கு 18 வாய்ப்பு. பணி ஓய்வு பெறும்வரை முப்பது ஆண்டு வாழ்ந்தால் 45. ஐம்பது ஆண்டு நிற்கும் கட்டடத்திற்கு 63க்கும் மேல். அதாவது வாராதிருப்பதைவிட வருவதற்கே வாய்ப்பு மிகுதி. அதனால்தான் பொறியாளர் அவ்வேகத்திற்குரிய சுமையைக் கணக்கிட்டதோடு நில்லாமல், அதன்மேல் ஒன்றரை மடங்கு என்பது போன்ற காப்பு அளவையும் சேர்க்கின்றனர். அச்சம் வேண்டுவதில்லை, ஆயின் அந்தக் காப்பு அளவைத் திருடுவோரைக் கண்டு அஞ்ச வேண்டும்.

நகரந்தோறும் ஓர் எண்

இவ்வாறு பெற்ற எண்களைக் கொண்டு இந்தியத் தர நிர்ணய நிறுவனம் நாட்டின் படத்தையே காற்று மண்டலங்களாகப் பிரித்துள்ளது. அவ்விதி எண் 875இன் மூன்றாம் பகுதி. அண்மைத் திருத்தம் 2015இல் வந்தது. திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், மூன்று வினாடி அளவு நிலைக்கும் வீச்சின் ஐம்பதாண்டு வேகத்தை அப்படம் காட்டும். வினாடிக்கு 33 மீட்டர் முதல் 55 மீட்டர் வரை ஆறு மண்டலங்கள். நம்மவர் வாழும் நகரங்களுக்கு அவ்வெண்கள் மணிக் கணக்கில் வருமாறு: பெங்களூருக்கு 119 கிலோமீட்டர், புனேக்கும் அகமதாபாத்திற்கும் 140, மும்பைக்கும் ஐதராபாத்திற்கும் 158, தில்லிக்கு அதனினும் மிகுதி, கொல்கத்தாவுக்கு 180. சென்னைக்கும் அதே 180தான்.

இப்பட்டியலில் வியப்பு ஒன்று உண்டு. கடலோர மும்பையைவிடக் கடலே காணாத தில்லிக்கு எண் மிகுதி. காரணம், வடநாட்டார் ஆந்தி என்று வழங்கும் கோடைக்காலப் புழுதிப் புயலும் இடிமுகிற் காற்றுமே. உயர்ந்த முகிலிலிருந்து குளிர்ந்த காற்று செங்குத்தாக இறங்கித் தரையில் மோதி நாற்புறமும் பாயும்போது அதன் வேகம் கடற்புயலுக்கு நிகராகிவிடும். 2014 மே 30ஆம் நாள் தில்லியில் வீசிய அத்தகைய காற்று மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டியது. புயல் என்றால் கடற்கரைக்கே உரியது என்று ஊரிலிருந்து கொண்டுவந்த நினைப்பைத் தில்லி வாழ் தமிழர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கொல்கத்தாவிலோ இருவகைக் காற்றும் உண்டு. சித்திரை வைகாசியில் மாலைதோறும் எழும் கால்பைசாகி ஒன்று. வங்கக் கடலின் புயல் மற்றொன்று. 2020 மே 20ஆம் நாள் அம்பன் புயல் அந்நகரில் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவிற்கு வீசியது. இவ்விரு காற்றும் வெவ்வேறு குடும்பத்தவை. இரண்டின் உச்சங்களையும் ஒரே பட்டியலில் கலந்தால் கணக்குப் பிறழும். தனித்தனியே ஆராய்ந்து பின் இணைத்தல் வேண்டும். அன்றியும், குறிப்பிட்ட ஓர் ஊரின்மேல் நேராகப் புயல் கடப்பது அரிது. முப்பதாண்டு ஏட்டில் அஃது ஒருமுறையும் பதியாமற் போகலாம். அதனால் கடற்கரையூர்களுக்கு ஒரு நிலையத்து ஏட்டை மட்டும் நம்பாமல், கடலில் தோன்றிய புயல்கள் அனைத்தின் வரலாற்றையும் எடுத்து, கணிப்பொறியில் ஆயிரக்கணக்கான புயல்களை ஓட்டிப் பார்த்து மதிப்பிடுகின்றனர்.

செய்தியில் கேட்கும் புயல் வேகத்தையும் இவ்வெண்ணையும் ஒப்பிடுவோர் ஒன்றை மனத்திற் கொள்க. புயலின் நிலைத்த வேகம் என வானிலைத் துறை கூறுவது மூன்று நிமிடச் சராசரி. கட்டட விதி கூறுவது மூன்று வினாடி வீச்சு. ஒரே புயலுக்கு இரு எண்கள் வருவது இதனால்தான். ஒன்று பொய், ஒன்று மெய் என்பதன்று.

ஏட்டின் குறைகள்

ஏடு நெடியதாயினும் பழுதற்றது என்று கொள்ளலாகாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் திறந்த வெளியில் நின்ற கருவியைச் சுற்றி இன்று பன்மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. கருவி காட்டும் வேகம் குறையும். காற்று குறைந்துவிட்டது என்று ஏமாறுவோம். கருவியின் வகை மாறினாலும் எண் மாறும். எல்லாவற்றினும் பெரிய குறை, மிகக் கடும் புயலில் கருவியே முறிந்துவிடுவதோ மின்சாரம் அற்றுவிடுவதோ ஆகும். எந்த எண்ணை முதன்மையாக அறிய வேண்டுமோ அதுவே ஏட்டில் இல்லாமற் போகும். இக்குறைகளைத் திருத்திய பிறகே கணக்கைத் தொடங்குதல் முறை.

மேலும், இக்கணக்கு முழுவதும் கடந்த காலம் போலவே வருங்காலமும் இருக்கும் என்னும் எண்ணத்தின்மேல் நிற்கிறது. கடல்நீர் வெப்பமாகிவரும் இக்காலத்தில் அவ்வெண்ணம் அசையாதது என்று கூற இயலாது. ஆகவே ஏட்டைத் தொடர்ந்து எழுதுவதும், கணக்கை அவ்வப்போது புதுப்பிப்பதும் இன்றியமையாதன.

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவையும் அறிந்த பின் நம் இல்லங்களும் சங்கங்களும் செய்யத்தக்கவை சில உண்டு.

மொட்டை மாடியில் தகரக் கூரை போடுவோர், ஓரங்களையும் மூலைகளையும் முதலில் கவனிக்க. காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே மிகுதி. அவ்வுறிஞ்சல் மூலைகளில்தான் மிகக் கடியது. நடுவில் இடும் திருகாணிகளைவிட ஓரத்தில் நெருக்கமாக இடுதல் வேண்டும். கூரைமேல் கல்லைத் தூக்கி வைப்பது காப்பாகாது. காற்றில் அக்கல்லே எறிபடையாகும்.

புயல் அறிவிப்பு வந்தால் கதவு, சன்னல்களைச் சாத்துக. காற்று வரும் பக்கத்துச் சன்னல் ஒன்று திறந்திருந்தால், உட்புகுந்த காற்று உள்ளிருந்து கூரையைத் தள்ளும், வெளியிலிருந்து காற்று உறிஞ்சும், இரண்டும் சேரும். மாடியிலுள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைக்க. வெறுந்தொட்டியைக் காற்று உருட்டிவிடும். ஆயிரம் லிட்டர் நீர் நிறைந்த தொட்டி ஒரு டன் எடையோடு அமர்ந்திருக்கும். மாடிமுகப்பிலுள்ள பூச்சட்டிகளை உள்ளே எடுக்க. உயர்ந்த மாடியில் வாழ்வோர்க்கு இது பின்னும் கட்டாயம். திறந்த வெளியில் 50 மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம், பத்து மீட்டர் உயரத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மிகுதியாகும்.

பொங்கல் விழாவிற்கும் ஆண்டு விழாவிற்கும் பந்தலும் மேடையும் அலங்கார வளைவும் அமைக்கும் சங்கத்தார்க்கும் ஒரு சொல். சில நாட்களே நிற்பது என்பதனால் காற்றுக் கணக்கு வேண்டாம் என்பதில்லை. தற்காலிக அமைப்புகளுக்கு விதி ஐந்தாண்டுக் காலத்தைக் கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ள இசைகிறது. குறைத்த பின்னும் மும்பையில் அது மணிக்கு 115 கிலோமீட்டர் அளவில் நிற்கும். பந்தல் ஒப்பந்தக்காரரிடம் மின்விளக்கு எத்தனை, நாற்காலி எத்தனை என்று கேட்பதோடு, எந்த வேகக் காற்றுக்குக் கட்டினீர் என்றும் கேட்டல் வேண்டும். விடை சொல்லத் தெரியாதவரிடம் நம் குழந்தைகள் ஆடும் மேடையை ஒப்படைக்கலாகாது.

நம் தெருவிலும் வீட்டு வளாகத்திலும் நிற்கும் விளம்பரப் பலகைக்கும் கைப்பேசிக் கோபுரத்திற்கும் இக்கேள்வி பொருந்தும். வளாகக் கூட்டத்தில் வாடகை எவ்வளவு வரும் என்று பேசுமுன், இது 158ஐத் தாங்குமா, பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கு எங்கே என்று எழுந்து கேட்பவர் ஒருவராவது இருக்க வேண்டும். மொழி தெரியாத ஊர், நமக்கு ஏன் வம்பு என்று வாளாவிருத்தல் கூடாது. கேட்பதற்கு மராத்தியும் இந்தியும் நிரம்ப வேண்டுவதில்லை. ஓர் எண் தெரிந்தால் போதும்.

காட்கோபரில் மாண்ட 17 பேர்க்கும் காற்று எதிரியன்று. அந்தக் காற்றின் அளவைப் பல்லாண்டு எழுதிவைத்தோரும், கணக்கிட்டோரும், விதியாக்கினோரும் தத்தம் கடமையைச் செய்திருந்தனர். 158 என்னும் எண் ஏட்டில் ஆயத்தமாக இருந்தது. அதை மதியாதார் கையில் அவ்வுயிர்கள் போயின. ஆகவே நம் அன்பர்கள் தத்தம் நகரத்து எண்ணை இன்றே அறிந்து, வீட்டுச் சுவரில் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைப்பார்களாக. பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பார்களாக. அவர்கள் இவ்வூரிலேயே பிறந்து வளர்பவர்கள். இவ்வூர்க் காற்றைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பெரியவர்கள் இனி நாமே.